கொலைகாரனுக்காக நாம் பதறுவது ஏன்?

2013 ஆகஸ்டில் நியூயார்க் டைம்ஸ் நாளிதழில் நடிகை அன்னா கன் ஒரு கட்டுரை எழுதினார். 'பிரேக்கிங் பேட்' தொடரில் வால்டர் வைட்டின் மனைவி ஸ்கைலராக நடித்தவர் அவர். ஸ்கைலரை வெறுப்பதற்கென்றே இணையத்தில் பக்கங்கள் தொடங்கப்பட்டு, ஆயிரக்கணக்கானோர் அவற்றில் சேர்ந்திருந்தார்கள். வெறுப்பு பாத்திரத்தோடு நிற்கவில்லை. அன்னா கன்னை எங்கே பார்க்கலாம், கொல்ல வேண்டும் என்று ஒருவர் எழுதியிருந்ததையும் அவர் அந்தக் கட்டுரையில் குறிப்பிட்டிருந்தார்.

ஸ்கைலர் செய்த தவறுதான் என்ன? கணவன் வீட்டுக்குத் தெரியாமல் மெத் என்னும் போதைப்பொருளைக் காய்ச்சி விற்கிறான். நாள் கணக்கில் காணாமல் போகிறான். கேட்டால் பொய் சொல்கிறான். கர்ப்பிணியான மனைவி, "எங்கே போயிருந்தாய்?" என்று கேட்கிறாள். எந்த வீட்டிலும் எழக்கூடிய கேள்வி அது. அதைக் கேட்டவள்மீது கோபமும், கொலை செய்தவன்மீது பரிவும் எப்படி வந்தன என்பதை விளங்கிக்கொள்ள, இத்தகைய தொடர்கள் எப்படிக் கட்டப்படுகின்றன என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

எதிர்நாயகனும் வில்லனும்

வில்லன் என்பவன் வேறொருவரின் கதைக்குள் குறுக்கே வருகிறவன். எதிர்நாயகன் கதையின் நடுவிலேயே நிற்கிறான். நாயகனுக்குரிய இடம் முழுவதும் அவனுக்கு உண்டு. நாயகனிடம் நாம் எதிர்பார்க்கும் அறம் மட்டும் அவனிடம் இல்லை. நம் மாலைநேரத் தொடர்களில் வில்லி படி இறங்கும்போதே பின்னணி இசை எச்சரித்துவிடுகிறது. யாரை நம்பக்கூடாது என்பதில் பார்வையாளருக்குக் குழப்பமே வராது. எதிர்நாயகன் தொடரில் அந்த எச்சரிக்கை மணி அடிப்பதில்லை.

அமெரிக்கத் தொலைக்காட்சியில் இந்த வகைக்குப் பாதை போட்டது 'த சொப்ரானோஸ்'. எச்பிஓ அலைவரிசையில் 1999 முதல் 2007 வரை 86 பகுதிகளாக வந்த தொடர். நியூஜெர்சியின் மாஃபியா தலைவன் டோனி சொப்ரானோ மனநல மருத்துவரிடம் சிகிச்சைக்குப் போவதுதான் அதன் அடித்தளம். 'பிரேக்கிங் பேட்' ஏஎம்சி அலைவரிசையில் 2008 முதல் 2013 வரை 62 பகுதிகளாக வந்தது. நல்லாசிரியர் ஒருவரைக் கொடூரக் குற்றவாளியாக மாற்றிக்காட்டுவதே திட்டம் என்று அதை உருவாக்கிய வின்ஸ் கில்லிகன் தொடக்கத்திலிருந்தே வெளிப்படையாகச் சொல்லிவந்தார். அப்படிச் சொன்ன பிறகும் பெருந்திரளான பார்வையாளர்கள் கடைசிவரை வால்டர் பக்கமே நின்றார்கள்.

உடன் செல்வது வேறு, பக்கம் சேர்வது வேறு

திரைப்பட ஆய்வாளர் மர்ரே ஸ்மித் 1995இல் வெளிவந்த தம் நூலில் இரண்டு நிலைகளைப் பிரித்துக் காட்டினார். ஒரு பாத்திரத்தோடு நாம் உடன் செல்வது முதல் நிலை: அவன் போகும் இடத்துக்கெல்லாம் கேமரா போகிறது, அவனுக்குத் தெரிந்தது நமக்கும் தெரிகிறது. அவன் செயலை ஏற்று, அவன் பக்கம் சேர்வது இரண்டாவது நிலை. முதலாவது நிகழ்ந்தால் இரண்டாவது நிகழ்ந்தே தீரவேண்டும் என்பதில்லை. ஆனால் முதலாவது நீண்டுகொண்டே போனால் இரண்டாவதைத் தடுப்பது கடினம்.

ஹிட்ச்காக்கின் 'சைக்கோ' படத்தில் (1960) இதற்கு ஒரு நிமிட விளக்கம் இருக்கிறது. கொலை நடந்துவிட்டது. தடயத்தை மறைக்க நார்மன் பேட்ஸ் காரைச் சதுப்பில் தள்ளுகிறான். கார் பாதி அமிழ்ந்து நின்றுவிடுகிறது. அவன் முகத்தில் கலவரம். அந்தச் சில விநாடிகள், கார் முழுவதும் மூழ்க வேண்டுமே என்று நாமும் மூச்சைப் பிடித்துக்கொள்கிறோம். செத்தவள் அதுவரை நாம் உடன் சென்ற நாயகி. அவள் உடல் அந்தக் காருக்குள்தான் இருக்கிறது. அவளை விட்டு அவனிடம் தாவ நமக்குச் சில நிமிடங்களே போதுமாக இருந்தன.

ஒரு படத்தில் சில நிமிடங்களில் நடப்பதைத் தொடர் ஆண்டுக்கணக்கில் செய்கிறது. 62 பகுதிகள் என்றால் 50 மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஐந்தாண்டுகள் ஒருவனை நம் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்தால் அவன் அந்நியனாக இருக்கமாட்டான். தொலைக்காட்சியில் தோன்றுபவர்களோடு பார்வையாளருக்கு உண்டாகும் இந்த ஒருதலை நெருக்கத்தை ஹார்ட்டன், வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956லேயே விளக்கிவிட்டார்கள்.

பரிவு கட்டப்படும் முறை

1. முதலில் காயம், பிறகு குற்றம். வால்டர் வேதியியல் ஆசிரியர். சம்பளம் போதாமல் மாலையில் கார் கழுவும் நிலையத்தில் வேலை. முதல் பகுதியிலேயே, வகுப்பில் தன்னை மதிக்காத மாணவனின் விலையுயர்ந்த காருக்கு முன்னால் மண்டியிட்டுச் சக்கரம் துடைக்கிறார்; மாணவனின் தோழி அதைப் படமெடுக்கிறாள். பிறகு நுரையீரல் புற்றுநோய். மருத்துவர் அதைச் சொல்லிக்கொண்டிருக்கையில் வால்டரின் கண் அவர் வெள்ளைக் கோட்டில் ஒட்டியிருக்கும் கடுகுச் சட்னிக் கறையிலேயே நிற்கிறது. அடிபட்ட மனிதனின் மனம் எங்கே போய் ஒட்டிக்கொள்ளும் என்று தெரிந்தவர் எழுதிய காட்சி அது. இவ்வளவும் முடிந்த பிறகுதான் அவர் போதைப்பொருள் காய்ச்சப் போகிறார். இதே செய்திகளை வரிசை மாற்றி, முதலில் குற்றத்தையும் கடைசியில் நோயையும் காட்டியிருந்தால், நோய் நமக்குச் சாக்காகத் தெரிந்திருக்கும்.

2. பக்கத்தில் இன்னும் மோசமான ஒருவன். டூகோ, கஸ் ஃப்ரிங், கடைசியில் நாஜிக் கும்பல் என்று ஒவ்வொரு கட்டத்திலும் வால்டரைவிடக் கொடியவர்கள் எதிரே நிறுத்தப்படுகிறார்கள். நம் தராசு அறத்தை அளப்பதை விட்டுவிட்டு, இருவரில் யார் தேவலை என்று பார்க்கத் தொடங்குகிறது.

3. தொழிலில் கெட்டிக்காரன். வேலையைச் சுத்தமாகச் செய்பவனைப் பார்ப்பதில் ஓர் இன்பம் இருக்கிறது. வால்டர் காய்ச்சும் நீலப் படிகத்தின் தூய்மை தொடர் முழுக்கப் பேசப்படுகிறது. அது யாருடைய ரத்தத்தில் கலக்கிறது என்பது எப்போதாவதுதான் பேசப்படுகிறது.

4. நமக்கு மட்டும் தெரிந்த ரகசியம். வால்டர் செய்வது மனைவிக்குத் தெரியாது, மகனுக்குத் தெரியாது, போதைப்பொருள் தடுப்பு அதிகாரியான சகலை ஹேங்குக்கும் தெரியாது. நமக்குத் தெரியும். ரகசியம் அறிந்தவர் காட்டிக்கொடுக்க விரும்புவதில்லை. பிடிபட்டால் கதை முடிந்துவிடும் என்பதால் நம் ஆர்வமே அவனுக்குக் காவலாகிவிடுகிறது. ஸ்கைலரின் கதி இங்கேதான் தீர்மானமாகிறது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

5. படிப்படியாக ஏறும் விலை. இதைச் சற்று நின்று பார்க்க வேண்டும்.

வால்டர் நேரடியாக, நேரமெடுத்து யோசித்துச் செய்யும் முதல் கொலை, முதல் சீசனின் மூன்றாம் பகுதியில் வருகிறது. கிரேசி-8 என்ற போதைப்பொருள் வியாபாரியின் கழுத்தை சைக்கிள் பூட்டால் கம்பத்தோடு பூட்டிக் கீழ்த்தளத்தில் வைத்திருக்கிறார்கள். வால்டர் ஒரு தாளில் இரண்டு பத்திகள் எழுதுகிறார். விட்டுவிடுவதற்கான காரணங்கள் ஒருபுறம்: கொலை தவறு, மனசாட்சி உறுத்தும், பேசினால் அவன் கேட்கக்கூடும். கொல்வதற்கான காரணம் மறுபுறம், ஒன்றே ஒன்று: விட்டால் குடும்பம் முழுவதையும் கொன்றுவிடுவான். ஓரம் நறுக்கிய ரொட்டித் துண்டுகளை அவனுக்குச் சாப்பிடக் கொண்டுபோய்க் கொடுக்கிறார். இருவரும் பேசுகிறார்கள். அவன் தந்தையின் மரச்சாமான் கடையில்தான் தன் மகனுக்குத் தொட்டில் வாங்கியதாக வால்டருக்கு நினைவு வருகிறது. விட்டுவிடலாம் என்று சாவி எடுக்கப் போகிறார். அப்போது ஒரு சந்தேகம். உடைந்த தட்டின் சில்லுகளைக் குப்பையிலிருந்து எடுத்துச் சமையலறையில் வைத்துப் பொருத்திப் பார்க்கிறார். கத்தி போன்ற ஒரு சில்லு குறைகிறது. அவன் எடுத்து வைத்திருக்கிறான்.

அந்தச் சில்லு குறையவில்லையென்றால் அந்தக் கொலையை நம்மால் தாங்கியிருக்க முடியாது. தற்காப்பு என்ற கைப்பிடியைத் தொடர் நமக்குக் கொடுக்கிறது. அழுது, மன்னிப்புக் கேட்டுக்கொண்டே கொல்கிறார் வால்டர். நாம் அவரோடு நிற்கிறோம்.

இரண்டாம் சீசனில், 2009இல், கைப்பிடி மெலிகிறது. வால்டரின் கூட்டாளி ஜெஸ்ஸியும் அவன் காதலி ஜேனும் ஹெராயின் மயக்கத்தில் கிடக்கிறார்கள். ஜெஸ்ஸியை எழுப்ப வால்டர் உலுக்கும்போது ஜேன் மல்லாந்து புரள்கிறாள். வாந்தி எடுக்கிறாள், மூச்சுத் திணறுகிறது. வால்டர் உதவப் பாய்கிறார், கை நீள்கிறது, நின்றுவிடுகிறது. அவள் சாகும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார். அதே பகுதியில், பிறந்து சில நாளேயான தன் மகள் பாலைக் கக்கினால் மூச்சடைக்கக்கூடாது என்று அவளைத் தொட்டிலில் ஒருக்களித்துப் படுக்கவைத்த கை அது. வால்டரே ஜேனுக்குக் கூடுதல் ஹெராயின் ஏற்றிக் கொல்வதாக முதலில் யோசித்திருந்ததைக் கில்லிகன் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். கையால் செய்யாமல் கைகட்டி நிற்பதாக அது மாற்றப்பட்டது. ஒழுக்கக் கணக்கில் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு இல்லை. பார்வையாளரைத் தக்கவைக்கும் கணக்கில் இருந்தது.

மனம் தேடும் நியாயம்

கதைப் பாத்திரங்களை நாம் எப்படி விரும்புகிறோம் என்பதற்கு உளவியலாளர் டால்ஃப் ஸில்மன் கொடுத்த விளக்கம் எளிமையானது: செயலைப் பார்க்கிறோம், சரியா தவறா என்று தீர்ப்பளிக்கிறோம், அதன்படி விரும்புகிறோம் அல்லது வெறுக்கிறோம். எதிர்நாயகன் விஷயத்தில் இது பொருந்தவில்லை. ஊடக ஆய்வாளர் ஆர்தர் ரேனி 2004இல் வரிசையைத் திருப்பிப் போட்டார். பல வேளைகளில் விருப்பம் முதலில் வந்துவிடுகிறது; தீர்ப்பு அதற்கு ஏற்றாற்போல் பின்னால் வளைக்கப்படுகிறது என்றார்.

வளைப்பதற்கான வழிகளை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஏற்கனவே பட்டியலிட்டிருந்தார். உயர்ந்த நோக்கத்தைக் காட்டுவது, மோசமானவனோடு ஒப்பிடுவது, பொறுப்பை இன்னொருவர் தலையில் போடுவது, விளைவைச் சிறிதாக்குவது, பாதிக்கப்பட்டவர்மீதே பழி சொல்வது. மனிதர்கள் தம் கொடுமைகளைத் தாமே எப்படி நியாயப்படுத்திக்கொள்கிறார்கள் என்பதை விளக்க அவர் எழுதியவை இவை. தொடர் பார்க்கும் நாம் இன்னொருவனின் கொடுமைக்காக அதே வேலையைச் செய்கிறோம்.

வால்டர் கதையில் "எல்லாம் குடும்பத்துக்காக" என்பதுதான் அந்த உயர்ந்த நோக்கம். அது எப்போது பொய்த்துப்போனது என்று கேட்டால், பெரும்பாலோர் மூன்றாவது சீசன், நான்காவது சீசன் என்பார்கள். ஐந்தாவது பகுதியிலேயே பொய்த்துவிட்டது. பழைய நண்பர் எலியட் சிகிச்சைச் செலவு முழுவதையும் ஏற்க முன்வருகிறார். வால்டர் மறுத்துவிடுகிறார். தாம் சேர்ந்து தொடங்கிய நிறுவனத்தின் பங்கை ஒருகாலத்தில் 5,000 டாலருக்கு விற்றுவிட்டு, அது பில்லியன் கணக்கில் வளர்ந்ததைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தவர் அவர். பணம் கிடைத்தது, வேண்டாம் என்றது வீம்பு. இந்தக் காட்சி ஒளித்து வைக்கப்படவில்லை. ஆனாலும் இன்னும் 57 பகுதிகளுக்கு நாம் அந்தச் சாக்கை அவருக்காகச் சுமந்தோம்.

ஒரு காட்சி சேர்க்கப்பட்ட கதை

இந்தக் கைப்பிடிகள் தற்செயலாக அமைபவை என்று நினைத்துவிடக்கூடாது. 'த சொப்ரானோஸ்' முதல் சீசனின் ஐந்தாம் பகுதியில், டோனி தன் மகளைக் கல்லூரிகள் காட்ட மெய்ன் மாநிலத்துக்கு அழைத்துப் போகிறான். வழியில், கும்பலைக் காட்டிக்கொடுத்துவிட்டு வேறு பெயரில் வாழும் பழைய ஆள் ஒருவன் கண்ணில் படுகிறான். மகளைக் கல்லூரியில் விட்டுவிட்டு, அவனைத் தேடிப் போய்த் தன் கையாலேயே கழுத்தை நெரித்துக் கொல்கிறான் டோனி. பார்வையாளர்கள் இதோடு கைவிட்டுவிடுவார்கள் என்று எச்பிஓ நிர்வாகி கிறிஸ் ஆல்பிரெக்ட் அஞ்சினார். காட்டிக்கொடுத்தவனைக் கொல்லாத மாஃபியா தலைவனை யாரும் நம்பமாட்டார்கள் என்று தொடரை உருவாக்கிய டேவிட் சேஸ் விட்டுக்கொடுக்க மறுத்தார். சமரசமாக, அந்த ஆள் இன்னும் போதைப்பொருள் விற்பதையும் டோனியைக் கொல்ல ஆள் பிடிப்பதையும் காட்டும் காட்சி சேர்க்கப்பட்டது. செத்தவனைக் கொஞ்சம் கெட்டவனாக்கினால் கொன்றவன் கொஞ்சம் நல்லவனாகிவிடுகிறான்.

ஆல்பிரெக்ட் அஞ்சியிருக்கத் தேவையில்லை என்பது பிறகு தெரிந்தது. பார்வையாளர்கள் போகவில்லை. தொடரின் மிகச் சிறந்த பகுதிகளில் ஒன்றாக அது இன்றும் கொண்டாடப்படுகிறது.

ஸ்கைலருக்கு நேர்ந்தது

இப்போது தொடக்கத்தில் கேட்ட கேள்வியைத் திரும்ப எடுக்கலாம். நாம் வால்டரோடு உடன் செல்கிறோம். அவர் ரகசியம் நம்மிடம் இருக்கிறது. அந்த வீட்டில் ரகசியத்தை நெருங்கிக்கொண்டே வருபவள் ஸ்கைலர். இரண்டாவது கைபேசி எதற்கு என்று கேட்கிறாள். பொய்களை ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்கிறாள். உண்மை தெரிந்ததும் வீட்டை விட்டுப் போகச் சொல்கிறாள். நியாயமாகப் பார்த்தால் அந்த வீட்டில் தெளிவாக யோசிப்பவள் அவள்தான். ஆனால் கேமரா நிற்கும் இடத்திலிருந்து பார்த்தால், நம் ஆட்டத்தைக் கலைக்க வருகிறவள்.

மூன்றாம் சீசனில் அவள் தன் முதலாளியோடு உறவு கொள்கிறாள். அதற்குள் வால்டர் ஒருவனை நெரித்துக் கொன்றிருக்கிறார், ஜேனைச் சாக விட்டிருக்கிறார். அந்தச் சாவால் நிலைகுலைந்த அவள் தந்தை, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர், பணியில் தவற இரண்டு விமானங்கள் மோதி நகரத்தின் மேல் உதிர்ந்திருக்கின்றன. இவை ஒரு தட்டில், ஒரு பெண்ணின் மணவுறவு மீறல் மறு தட்டில். எந்தத் தட்டு தாழ்ந்தது என்பதை அந்த வெறுப்புப் பக்கங்கள் காட்டின.

இதைக் கேமரா நிற்கும் இடம் ஒன்றால் மட்டும் விளக்கிவிட முடியாது. எதையும் பொறுத்துக்கொள்ளும், பழிவாங்காத மனைவி என்ற வார்ப்பில் ஸ்கைலர் அடங்காததே வெறுப்புக்குக் காரணம் என்று அன்னா கன் எழுதினார். அவர் சொன்னது சரி. தொடரின் அமைப்பு ஒரு பள்ளத்தை வெட்டியது. பெண்கள்மீது ஏற்கனவே தேங்கியிருந்த எரிச்சல் அதில் வந்து நிறைந்தது. டோனி சொப்ரானோவின் மனைவி கார்மெலா கணவனின் தொழில் தெரிந்தே அவன் பணத்தில் வாழ்கிறாள்; ஸ்கைலர்மீது பாய்ந்த அளவுக்கு அவள்மீது யாரும் பாயவில்லை. அவள் பெரும்பாலும் ஆட்டத்தைக் கலைப்பதில்லை. ஸ்கைலரை வடித்த நடிப்புக்கு அன்னா கன் 2013லும் 2014லும் எம்மி விருது பெற்றார் என்பதையும் பதிவு செய்துவிட வேண்டும்.

மன்னிப்பின் எல்லை

பார்வையாளர் எதையும் மன்னிப்பதில்லை. கொலையை ஏற்றுக்கொள்ளும் நாம் வன்புணர்வை ஏற்பதில்லை என்பதை ஆய்வாளர் மார்கிரெத் ப்ரூன் வாகே விரிவாக எழுதியிருக்கிறார். கொலைக்குக் கதைக்குள் ஒரு காரணம் சொல்ல முடியும். வன்புணர்வுக்கு எந்தக் காரணமும் நிற்காது. அதனால் எதிர்நாயகனை நல்லவனாக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு வன்புணர்வாளனை நிறுத்தினால் போதும்.

'த சொப்ரானோஸ்' 2001இல் இதை நம்மீதே சோதித்தது. டோனியின் மனநல மருத்துவர் மெல்ஃபி வன்புணர்வுக்கு ஆளாகிறார். குற்றவாளி பிடிபட்டும் நடைமுறைக் கோளாறால் விடுதலையாகிறான். டோனியிடம் ஒரு வார்த்தை சொன்னால் அவன் உயிரோடு இருக்கமாட்டான். கடைசிக் காட்சியில் மெல்ஃபி அழுகிறார். ஏதாவது சொல்ல வேண்டுமா என்று டோனி கேட்கிறான். சொல்லிவிடு என்று நாம் உள்ளுக்குள் கத்துகிறோம். "இல்லை" என்கிறார். பகுதி அதோடு முடிகிறது. ஒரு கொலைகாரனை ஏவிவிட நாம் எவ்வளவு ஆவலாக இருந்தோம் என்பதை அந்த ஒற்றைச் சொல் நமக்குக் காட்டிவிடுகிறது.

'பிரேக்கிங் பேட்' ஐந்தாம் சீசனிலும் அப்படி ஓர் அறை விழுகிறது. பாலைவனத்தில் ரயிலை நிறுத்தி ரசாயனம் திருடும் காட்சி. நிமிடங்கள் ஓடுகின்றன, ரயில் நகரத் தொடங்குகிறது, நாம் நாற்காலி நுனியில். வெற்றி. எல்லோரும் கூச்சலிட்டுக் கொண்டாடுகிறார்கள். இயந்திரம் நின்று அமைதியானதும், சற்றுத் தள்ளி மோட்டார் சைக்கிளோடு ஒரு சிறுவன் நிற்பது தெரிகிறது. பாலைவனத்தில் பிடித்த சிலந்தி அவனிடம் கண்ணாடி ஜாடியில் இருக்கிறது. சிறுவன் கையசைக்கிறான். கும்பலில் ஒருவன் பதிலுக்குக் கையசைத்துவிட்டுச் சுடுகிறான். நாம் ஆரவாரித்த திருட்டின் விலை அது.

பாத்திரம் நிஜ மனிதராகும்போது

கற்பனைப் பாத்திரத்தின்மேல் பரிவு கொள்வதால் எவரும் போதைப்பொருள் காய்ச்சப் போவதில்லை. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இதே கருவிகள் நிஜத்தில் வாழ்ந்தவர்மீது பயன்படுத்தப்படும்போது, பாதிக்கப்பட்டவர்களும் நிஜமானவர்கள்.

2020இல் வெளிவந்த 'ஸ்கேம் 1992' தொடர், பங்குச்சந்தை மோசடியில் சிக்கிய தரகர் ஹர்ஷத் மேத்தாவின் கதையைச் சொன்னது. எளிய குடும்பம், ஏளனம் செய்யும் மேல்தட்டு, தொழிலில் கெட்டிக்காரத்தனம் என்று மேலே சொன்ன பட்டியல் அப்படியே பொருந்துகிறது. நன்றாக எடுக்கப்பட்ட தொடர். முறைகேட்டை வெளிக்கொணர்ந்த செய்தியாளர் சுசேதா தலாலுக்கும் அதில் உரிய இடம் உண்டு. ஆனாலும் தொடர் முடிந்த பின் ஊரெங்கும் ஒலித்தது மேத்தாவின் பின்னணி இசையும் வசனங்களும்தான். 1992 ஏப்ரலில் 4,467 புள்ளிகளைத் தொட்ட சென்செக்ஸ் அடுத்த ஓராண்டில் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தது. அதில் சேமிப்பை இழந்தவர்களுக்கு முகம் இல்லை, இசை இல்லை. பரிவு முகத்தைத் தேடிப் போகும். எண்ணிக்கையைத் தேடிப் போகாது.

கடைசிப் பகுதியின் சமையலறை

2013 செப்டம்பர் 29. 'பிரேக்கிங் பேட்' கடைசிப் பகுதி. ஒரு சிறிய வாடகை வீட்டின் சமையலறையில் ஸ்கைலர் சிகரெட் பிடித்தபடி தங்கையோடு தொலைபேசியில் பேசுகிறாள். பேச்சு முடிந்ததும் கேமரா மெல்ல நகர்கிறது. அறைக்கு நடுவே இருந்த தூண் விலக, அதன் பின்னால் வால்டர் நிற்பது தெரிகிறது. அவர் ஏதோ சொல்லத் தொடங்குகிறார். குடும்பத்துக்காகச் செய்தேன் என்பதை இன்னொரு முறை கேட்க வேண்டுமா என்று ஸ்கைலர் வெடிக்கிறாள். வால்டர் இடைமறித்து, எனக்காகத்தான் செய்தேன், எனக்குப் பிடித்திருந்தது என்கிறார்.

நாம் அவருக்காக இத்தனை காலம் சுமந்த சாக்கை அவரே இறக்கி வைத்துவிட்டார். அதைக் கேட்கும் உரிமை உள்ள ஒரே ஆளிடம் சொன்னார். பிறகு அவர் எதிரிகளைக் கொல்கிறார், ஜெஸ்ஸியை விடுவிக்கிறார், தான் நேசித்த ஆய்வுக்கூடக் கருவிகளை ஒரு கையால் வருடியபடி விழுகிறார். ஒரு காதல் பாட்டு ஒலிக்க, கேமரா அவர் முகத்துக்கு மேலே மெல்ல உயர்ந்துகொண்டே போகிறது. ஸ்கைலரை அந்தச் சிறிய வீட்டுக் காட்சிக்குப் பிறகு நாம் பார்ப்பதில்லை.